பனிக்காலமும் பூச்சிகளின் குடித்தொகையும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்
சூழற் காரணிகளும் அங்கிகளின் குடித்தொகையும்



தை மாதத்துப் பனி எப்படியிருக்கும் என்று ராகலையில் வாழும் உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் புல்தரை வெள்ளையாக இருப்பதையும், வெயில் ஏறியதும் பள்ளத்து மலையில் கொழுந்து கருகிக் கிடப்பதையும் கண்டிருப்பீர்கள். அந்த நாட்களில் தோட்டத்திலும் மரக்கறிப் பாத்தியிலும் இரண்டு விதமான பேச்சு அடிபடும். "இந்த வருடம் பனி கடுமை, வருடப்பிறப்புக்குக் கோவாவில் புழு இருக்காது" என்பார் ஒருவர். "பனி முடியட்டும், பிறகுதான் புழு கொட்டப் போகிறது" என்பார் மற்றொருவர்.

இவர்களில் யார் சொல்வது சரி? இது வெறும் பேச்சு அல்ல. பீடைநாசினிப் போத்தல் ஒன்றுக்குக் கொடுக்கும் பணம் உங்கள் வீட்டுக் கணக்கில் சிறிய தொகையல்ல. எப்போது தெளிப்பது, எப்போது தெளிக்காமல் விடுவது என்ற தீர்மானம் இந்த வினாவின் விடையில் தங்கியிருக்கிறது. "வெப்பநிலை ஓர் அங்கியின் குடித்தொகையை எவ்வாறு பாதிக்கும்?" என்று பரீட்சையில் வினவப்பட்டாலும் இதே விளக்கமே உதவும். அநேக மாணவர்கள் "குளிரால் பூச்சிகள் இறக்கும்" என்று ஒரே வரியில் எழுதி முடிப்பார்கள். அந்த வரி கனடாவுக்கு ஓரளவு பொருந்தும். ராகலைக்குப் பொருந்தாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

1. பூச்சியின் உடலும் வெப்பநிலையும்

மனிதனின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 °C. கொழும்பிலும் ராகலையிலும் அது மாறாது. பூச்சி அப்படியல்ல. சூழலின் வெப்பநிலை எதுவோ, ஏறத்தாழ அதுவே அதன் உடல் வெப்பநிலை. பூச்சியின் உடலில் நிகழும் தாக்கங்கள் எல்லாம் நொதியங்களால் நடத்தப்படுபவை. வெப்பநிலை குறையும்போது நொதியங்களின் தொழிற்பாடு மந்தமாகும். எனவே உணவு உண்பது, வளர்வது, தோல் கழற்றுவது, முட்டையிடுவது எல்லாமே மந்தமாகும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வளர்ச்சி முற்றாக நின்றுவிடும். அதை வளர்ச்சித் தொடக்க வெப்பநிலை என்று இப்பாடத்தில் அழைப்போம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். வளர்ச்சி நிற்கும் வெப்பநிலை வேறு, உயிர் போகும் வெப்பநிலை வேறு. இரண்டுக்கும் இடையில் பல பாகைகள் இடைவெளி உண்டு. மலைநாட்டுப் பனிக்காலம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் அமைகிறது.

2. நமது மலையின் குளிர் எவ்வளவு?

உயரம் 1000 மீற்றரால் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 °C ஆல் குறையும். நுவரெலியா நகரின் உயரம் 1868 மீற்றர்.

வெப்பநிலை வீழ்ச்சி = 1.868 × 6.5 = ஏறத்தாழ 12 °C

கொழும்பின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27.5 °C. அதிலிருந்து 12 ஐக் கழித்தால் ஏறத்தாழ 15.5 °C வருகிறது. நுவரெலியாவில் உண்மையாக அளக்கப்படும் ஆண்டுச் சராசரி 16 °C அளவில் உள்ளது. ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும் செய்து இவ்வளவு கிட்ட வந்துவிட்டோம்.

மாதவாரியாகப் பார்த்தால், நுவரெலியாவின் சராசரி ஜனவரியில் 14 °C அளவிலும் ஏப்ரல், மே மாதங்களில் 17 °C அளவிலும் இருக்கும். நமக்குக் குளிர்காலம் என்பதும் கோடை என்பதும் இந்த 3 °C வித்தியாசம்தான். அயலிலுள்ள ராகலை, கந்தப்பளை, ஹல்கரனோயா போன்ற இடங்களுக்கும் அண்ணளவாக இந்த அளவுகளையே வைத்துக் கணிக்கலாம்.

"அப்படியானால் புல்லில் பனி உறைவது எப்படி?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக உள்ள இரவுகளில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீசல் மூலம் வேகமாக இழக்கிறது. போர்வை போல மறிக்க முகில் இல்லை. குளிர்ந்த வளி அடர்த்தி கூடியதாதலால் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே பள்ளத்திலுள்ள புல்லின் நுனி 0 °C ஐ எட்டும்போது, மேலே இரண்டு மீற்றர் உயரத்தில் உள்ள வளி சில பாகைகள் கூடிய வெப்பநிலையில் இருக்கும். மேட்டு லயத்தில் உறைபனி இல்லாமல் பள்ளத்துத் தேயிலை மட்டும் கருகுவதன் காரணம் இதுவே.

சரி, பனி விழும் அந்த இரவில் பூச்சி எங்கே இருக்கிறது? கோவாப் புழு வெளி இலையின் கீழ்ப்புறத்திலோ மடிப்புக்குள்ளோ இருக்கிறது. வெட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. பத்து சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணின் வெப்பநிலை இரவுக்கும் பகலுக்கும் சிறிதளவே மாறும். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு தண்டுக்குள் இருக்கிறது. உறைபனி இலையின் மேற்பரப்பைச் சுட்டுவிட்டுச் சில மணித்தியாலங்களில் உருகிவிடும். அதற்கு அகப்பட்டு இறக்கும் பூச்சிகள் சில இருக்கலாம். குடித்தொகை முழுவதையும் அது அழிப்பதில்லை.

3. கடுங்குளிர் நாடுகளில் நடப்பது

அங்கே நிலைமை வேறு. மாதக்கணக்கில் வெப்பநிலை 0 °C இற்குக் கீழே நிற்கும். பூச்சியின் உடலிலுள்ள நீர் உறைந்தால் பனிப் பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும். இதைத் தவிர்க்கப் பூச்சிகள் இலையுதிர் காலத்திலேயே ஆயத்தமாகின்றன. பகற்பொழுது குறுகுவதை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுநிலைக்குச் செல்கின்றன. உடலில் கிளிசரோல் போன்ற பதார்த்தங்களைச் சேர்க்கின்றன. குளிர் நாட்டு மோட்டார் வாகனங்களின் ரேடியேற்றர் நீரில் உறையாமலிருக்க ஒரு திரவம் கலப்பார்கள் அல்லவா? அதே தத்துவம்தான்.

கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் பைன் மரப்பட்டையினுள் வாழும் ஒரு சிறு வண்டு இருக்கிறது. நடுக்குளிர்காலத்தில் அதன் குடம்பிகளைப் பெருமளவில் கொல்ல −40 °C அளவான குளிர் வேண்டும். (−40 இல் செல்சியசும் பரனைற்றும் ஒன்றே. சரிபார்த்துப் பாருங்கள்.) ஆனால் கிளிசரோல் போதியளவு சேரும் முன்னர், இலையுதிர் காலத்திலேயே திடீரெனக் கடுங்குளிர் வந்தால் −25 °C அளவே போதும். 1990களின் பிற்பகுதி தொடக்கம் அங்கு அத்தகைய கடுங்குளிர்காலங்கள் அருகின. முதிர்ந்த பைன் மரங்களும் ஏராளமாக இருந்தன. விளைவாக 18 மில்லியன் ஹெக்டயருக்கும் மேற்பட்ட காடு பாதிக்கப்பட்டது. இலங்கையின் முழு நிலப்பரப்பு ஏறத்தாழ 6.5 மில்லியன் ஹெக்டயர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனினும் அங்குகூட "கடுங்குளிர் வந்தால் கோடையில் பூச்சி குறையும்" என்பது எப்போதும் உண்மையாவதில்லை. தடித்த பனிப்படை தரைக்குக் கம்பளி போல அமைந்து, மண்ணிலுள்ள பூச்சிகளைக் காக்கும். மறுபுறம், குளிர்காலம் இளஞ்சூடாக இருந்தால் ஓய்வுநிலையிலுள்ள பூச்சியின் சுவாசம் கூடி, சேமித்த கொழுப்பு வசந்தத்துக்கு முன்னரே தீர்ந்துபோகலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையம் 1960கள் தொடக்கம் 12.2 மீற்றர் உயரக் குழாய்கள் மூலம் வளியை உறிஞ்சி, பறக்கும் அழுக்கணவன் பூச்சிகளை நாள்தோறும் எண்ணி வருகிறது. உருளைக்கிழங்குக்கு வைரசு நோயைக் காவும் பச்சை அழுக்கணவனும் அவற்றுள் ஒன்று. ஜனவரி, பெப்ரவரி சராசரி வெப்பநிலை 1 °C ஆல் கூடினால் அதன் முதற் பறப்பு ஏறத்தாழ இரண்டு கிழமைகள் முந்துகிறது என்று கண்டார்கள். உருளைக்கிழங்குச் செடி இளமையாக இருக்கும்போதே பூச்சி வந்து சேர்ந்தால் வைரசின் சேதம் அதிகம். எனவே அங்குள்ள விவசாயிகளுக்கு மாசி மாதத்துக் குளிர்தான் ஆனி மாதத்துக்கான முன்னறிவிப்பு.

அதே இன அழுக்கணவன் நம் மலைநாட்டு உருளைக்கிழங்கிலும் உண்டு. ஆனால் இங்கே அது ஓய்வுநிலைக்குச் செல்ல வேண்டிய தேவை இல்லை. கருக்கட்டல் இன்றியே பெண்பூச்சிகள் வருடம் முழுவதும் குட்டிகளை ஈனும். குளிர் வந்தால் மெதுவாக ஈனும். இந்த "மெதுவாக" என்ற சொல்லில்தான் நமது பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

4. பாகை-நாள் கணக்கு

பூச்சி ஒன்று முட்டையிலிருந்து நிறையுடலியாக வளர இத்தனை நாள் எடுக்கும் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அது வெப்பநிலையைப் பொறுத்தது. ஆனால் அது சேர்த்துக்கொள்ள வேண்டிய வெப்பத்தின் மொத்த அளவு ஏறத்தாழ மாறாதது. இதைப் பாகை-நாள் என்ற அளவில் கணிப்பர்.

ஒரு நாளில் சேரும் பாகை-நாள் = அன்றைய சராசரி வெப்பநிலை − வளர்ச்சித் தொடக்க வெப்பநிலை

கொந்தரப்புக் கொழுந்துபோல எண்ணிக்கொள்ளுங்கள். மொத்த நிறை குறிக்கப்பட்டுவிட்டது. கொழுந்து நிறைய உள்ள மலையில் அது விரைவில் சேரும், வரட்சியான மலையில் பொழுது சாய்ந்தாலும் சேராது.

கோவாவைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை எடுப்போம். நமது கோவா, பூக்கோவா, நோக்கோல் பாத்திகளில் இலையைச் சல்லடையாக்கும் சிறு பச்சைப் புழு இதன் குடம்பிதான். தொட்டால் துள்ளி, நூலில் தொங்கும். இதன் வளர்ச்சித் தொடக்க வெப்பநிலையை 7 °C எனவும், முட்டை முதல் நிறையுடலி வரை தேவையானது 280 பாகை-நாள் எனவும் கொள்வோம்.

ஜனவரி, சராசரி 14 °C: 280 ÷ (14 − 7) = 40 நாட்கள்
மே, சராசரி 17 °C: 280 ÷ (17 − 7) = 28 நாட்கள்
தாழ்நிலம், சராசரி 27 °C: 280 ÷ (27 − 7) = 14 நாட்கள்

ஒரே பூச்சி, ஒரே கோவா. ஆனால் தாழ்நிலத்தில் இரு கிழமைகளில் முடியும் வாழ்க்கை வட்டம் நமது ஜனவரியில் ஏறத்தாழ ஆறு கிழமைகள் எடுக்கிறது.

இப்போது முதலில் கேட்ட வினாவுக்கு வருவோம். ஜனவரி 1 முதல் ஏப்ரல் 15 வரை 105 நாட்கள். இக்காலத்தின் சராசரி ஒரு வருடம் 13 °C ஆகவும், வேறொரு வருடம் 15 °C ஆகவும் இருந்ததாகக் கொள்வோம்.

குளிரான வருடம்: (13 − 7) × 105 = 630 பாகை-நாள். 630 ÷ 280 = 2.25. முழுமையான சந்ததிகள் 2.
குளிர் குறைந்த வருடம்: (15 − 7) × 105 = 840 பாகை-நாள். 840 ÷ 280 = 3. முழுமையான சந்ததிகள் 3.

ஒவ்வொரு சந்ததியிலும் பூச்சியின் எண்ணிக்கை 5 மடங்காகும் என எடுத்தால், 100 பூச்சிகளில் தொடங்கும் பாத்தியில்:

குளிரான வருடம்: 100 × 5 × 5 = 2,500
குளிர் குறைந்த வருடம்: 100 × 5 × 5 × 5 = 12,500

பனியால் ஒரு புழுகூட இறக்கவில்லை. இருந்தும் வருடப்பிறப்புக்கு முன்னர் எண்ணிக்கையில் ஐந்து மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. காரணம் ஒரு சந்ததி பிந்தியமை மட்டுமே. "பனி கடுமை, புழு குறையும்" என்ற பெரியவரின் முடிவு சரி. அவர் நினைத்த காரணம்தான் வேறு. "பனி முடிந்த பின் புழு கூடும்" என்ற மற்றவரும் தவறவில்லை. புழு இறக்கவில்லை, காத்திருந்தது. சூடு ஏறியதும் அதன் கணக்கு வேகமாக ஓடத் தொடங்கும்.

5 மடங்கு என்பது கணக்கைக் காட்டுவதற்காக எடுத்த எண். வயலில் அது பாத்திக்குப் பாத்தி மாறும். சராசரியை வைத்துக் கணிப்பதும் ஓர் அண்ணளவு முறையே. இரவில் 8 °C ஆக இருந்தாலும் பகலில் 20 °C ஆக ஏறும் இடத்தில் பூச்சி பகல் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். பரீட்சையில் சராசரி முறை போதுமானது.

5. எல்லையில் வாழும் பூச்சி: தேயிலைத் தண்டு துளைக்கும் வண்டு

தோட்டங்களில் இதைச் சொட் ஹோல் போரர் என்றே சொல்வார்கள். 1892 ஆம் ஆண்டில் நாவலப்பிட்டிப் பகுதியில் தேயிலையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. தினையளவே உள்ள இந்தக் கரிய வண்டின் பெண், தண்டில் துளையிட்டுக் குகை அமைத்து, அதன் சுவரில் ஒரு பங்கசை வளர்க்கிறது. குடம்பிகள் மரத்தைத் தின்பதில்லை, பங்கசையே தின்கின்றன. வண்டும் ஒருவகை விவசாயிதான்! துளை விழுந்த கிளை கொழுந்து எடுக்கும்போதோ காற்றிலோ முறிந்துவிடும். முறிந்த கிளையில் அடுத்த கவ்வாத்து வரை கொழுந்து இல்லை. அதாவது அந்த மலையில் பறிப்பவரின் நிறை குறையும்.

நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி போன்ற நடுத்தர உயரப் பகுதிகளில் பெரும்பீடையான இவ்வண்டு, நுவரெலியா போன்ற மிக உயர்ந்த தோட்டங்களில் பெரும்பீடையாக இருக்கவில்லை. தேயிலை இங்கும் இருக்கிறது, தண்டும் இருக்கிறது. தடுப்பது குளிர். இதன் வளர்ச்சித் தொடக்க வெப்பநிலை ஏறத்தாழ 15 °C. தேவையான வெப்பத்தை 370 பாகை-நாள் எனக் கொண்டு கணிப்போம்.

22 °C இல்: 370 ÷ 7 = ஏறத்தாழ 53 நாட்கள்
17 °C இல்: 370 ÷ 2 = 185 நாட்கள்
14 °C இல்: சராசரி தொடக்க வெப்பநிலைக்குக் கீழே. கணக்கின்படி வளர்ச்சி இல்லை.

இப்போது முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். 17 °C ஆக உள்ள இடம் 18 °C ஆக மாறினால்:

கோவாப் புழு: 28 நாட்களில் இருந்து 280 ÷ 11 = ஏறத்தாழ 25 நாட்கள்
தண்டு துளைக்கும் வண்டு: 185 நாட்களில் இருந்து 370 ÷ 3 = ஏறத்தாழ 123 நாட்கள்

ஒரே 1 °C. புழுவின் வாழ்க்கை வட்டம் பத்தில் ஒரு பங்கு குறுகியது. வண்டினது மூன்றில் ஒரு பங்கு குறுகியது. எந்தப் பூச்சியின் தொடக்க வெப்பநிலை அவ்விடத்தின் சராசரிக்கு அண்மையில் உள்ளதோ, அந்தப் பூச்சியே குளிரின் ஏற்ற இறக்கத்தை அதிகம் உணரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடும்போது உலகின் சராசரி வெப்பநிலை இப்போது 1 °C இற்கும் மேல் உயர்ந்துள்ளது. மலையேறி வரக்கூடிய பீடை எது என்று கேட்டால், விடையை ஊகிக்க இந்தக் கணக்கு போதும்.

குளிர் கொல்லாமலே காத்ததற்கு நம் நாட்டு வரலாற்றிலும் சான்று உண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். தாழ்நிலத்தைச் சூறையாடிய அந்நோய் உயர்ந்த மலைத்தோட்டங்களில் பரவவில்லை. கடுமையான மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் விருத்தியடைய ஏறத்தாழ 18 °C இற்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒட்டுண்ணி முதிரும் முன்னர் நுளம்பின் ஆயுள் முடிந்துவிடும். (இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் பிரகடனப்படுத்தப்பட்டது. பொதுஅறிவு வினாக்களுக்கும் இந்த ஆண்டு உதவும்.)

6. குளிர் மட்டும்தான் காரணமா?

இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் நமக்குக் குளிர்காலம் மட்டுமல்ல, மழை குறைந்த காலமும்கூட. பெருமழை கோவா இலையிலிருந்து சிறு புழுக்களைக் கழுவி வீழ்த்தும். மழையற்ற மாதங்களில் அவை தப்பிவிடும். ஆகவே குளிர் புழுவைப் பின்னுக்கு இழுக்க, வரட்சி முன்னுக்குத் தள்ளுகிறது. ஒரு வருடம் புழு அதிகமாக இருந்தால் அது சூட்டினாலா வரட்சியினாலா என்று அந்த வருடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு மாறிகள் ஒருமித்து மாறும்போது ஒன்றை மட்டும் காரணமாக எழுதாதீர்கள்.

தேயிலையில் வரட்சியோடு பெருகும் சிவப்புச் சிலந்தியைப் பலர் பூச்சி என்று எழுதுவார்கள். அதற்கு நான்கு சோடிக் கால்கள். அது உண்ணி வகை, பூச்சி அல்ல.

அடுத்தது இயற்கை எதிரிகள். இவையும் பூச்சிகளே. இவற்றின் வளர்ச்சியையும் குளிர் மந்தமாக்கும். இரையும் எதிரியும் ஒரே அளவில் மந்தமானால் பிரச்சினை இல்லை, எதிரி அதிகம் பிந்தினால் பீடை தப்பிவிடும். வைரமுதுகு அந்தின் குடம்பியில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளுள் டயடெக்மா என்பது குளிர்மலைகளுக்கு ஏற்றது. மலேசியாவின் கமரன் மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் 1970களில் அது அறிமுகமாகி நன்கு நிலைகொண்டது. கொற்றேசியா என்ற மற்றொரு குளவி வெப்பமான தாழ்நிலத்துக்கு ஏற்றது. எதிரியைத் தெரிவு செய்யும்போதும் வெப்பநிலையைப் பார்க்க வேண்டியுள்ளது.

நமது தேயிலையிலேயே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. இலைச்சுருட்டிப் புழு உயர்நாட்டுத் தேயிலையின் பழைய பீடை. 1935–36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரசு என்ற ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டுத் தேயிலை மலைகளில் விடப்பட்டது. புழு அடங்கியது. உயிரியற் கட்டுப்பாட்டுக்கு உதாரணம் கேட்டால் தயங்காமல் இதை எழுதலாம். பின்னர் 1950களில், தண்டு துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்றின் என்ற பீடைநாசினி தெளிக்கப்பட்டது. அது அந்தக் குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடைக்குத் தெளித்த மருந்து வேறொரு பீடையை வளர்த்துவிட்டது.

இதை உங்கள் பாத்தியோடு பொருத்திப் பாருங்கள். ஜனவரியில் புழுவின் வாழ்க்கை வட்டம் 40 நாட்கள். மே மாதத்துக்கு வகுத்த அதே இடைவெளியில் ஜனவரியிலும் நாட்காட்டி பார்த்துத் தெளித்தால் பணம் வீண், குளவிகளும் அழியும். இலையைப் புரட்டிப் புழுவை எண்ணிய பின்னர் தீர்மானிப்பதே அறிவுடைமை.

7. செயற்பாடு

தேவையானவை: ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், மெல்லிய துணி, கோவா இலை, ஒரே பருமனுள்ள 10 புழுக்கள், பாடசாலையில் இரவல் பெற்ற வெப்பமானிகள் இரண்டு.

போத்தலுக்கு ஐந்தாகப் புழுக்களை இட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். ஒன்றை அடுப்படிச் சுவரோரம் புகைபடாத இடத்திலும், மற்றதை வெயில் படாத இஸ்தோப்பிலும் வையுங்கள். நாள்தோறும் புது இலை இடுங்கள். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை வெப்பநிலையைக் குறியுங்கள். ஒவ்வொரு புழுவும் கூட்டுப்புழுவாகும் நாளையும், அந்து வெளிவரும் நாளையும் குறியுங்கள்.

சாரா மாறி வெப்பநிலை. சார்ந்த மாறி வளர்ச்சிக்கு எடுக்கும் நாட்கள். மாறாது பேண வேண்டியவை இலையின் வகையும் அளவும், புழுக்களின் தொகை, போத்தலின் அளவு. அண்மையில் பீடைநாசினி தெளித்த இலையை எடுக்க வேண்டாம். புழு இறந்துவிட்டால் குளிரின் மேல் பழி விழும். சில வேளை அந்துக்குப் பதிலாகச் சிறு குளவி ஒன்று வெளிவரலாம். பரிசோதனை பிழைத்துவிட்டதென்று வீசிவிடாதீர்கள். மேலே படித்த ஒட்டுண்ணிக் குளவியை நேரில் காண்கிறீர்கள். குறித்துக்கொண்டு பாத்தியிலேயே விட்டுவிடுங்கள்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: "கடும் பனிக்குப் பின்னர் மரக்கறிப் பாத்தியில் பூச்சிகள் குறைவாகக் காணப்பட்டன. பனி பூச்சிகளைக் கொன்றுவிட்டது" என்று மாணவன் ஒருவன் கூறினான்.

(அ) இம்முடிவு அவதானத்திலிருந்து நேரடியாகப் பெறப்படக்கூடியதா? காரணம் தருக.
(ஆ) அவதானத்துக்கு வேறொரு விளக்கம் தருக.
(இ) இவ்விரு விளக்கங்களில் சரியானதை அறிய ஒரு வழியைக் குறிப்பிடுக.

விடை: (அ) இல்லை. அவதானிக்கப்பட்டது எண்ணிக்கை குறைந்தமையே, இறப்பு அவதானிக்கப்படவில்லை. (ஆ) குறைந்த வெப்பநிலையில் நொதியத் தொழிற்பாடு மந்தமாவதால் வாழ்க்கை வட்டம் நீண்டு, அக்காலத்தில் தோன்றும் சந்ததிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். (இ) பனிக்கு முந்திய நாளும் பிந்திய நாளும் ஒரே செடிகளில் உயிருள்ள, இறந்த குடம்பிகளை எண்ணி ஒப்பிடலாம்.

(ஆ) இற்கு "பூச்சிகள் வேறிடம் சென்றிருக்கலாம்" என்று எழுதினாலும் அது விளக்கம்தான். ஆனால் வெப்பநிலையோடு தொடர்புபடுத்திய விடையே இப்பாடத்துக்குப் பொருத்தமானது.

பயிற்சி

1. வளர்ச்சித் தொடக்க வெப்பநிலை 10 °C ஆகவும் தேவை 300 பாகை-நாளாகவும் உள்ள ஒரு பூச்சி, 16 °C இலும் 25 °C இலும் வாழ்க்கை வட்டத்தை முடிக்க எடுக்கும் நாட்களைக் காண்க. (விடை: 50, 20)

2. 1 ஆம் வினாவிலுள்ள பூச்சிக்கும் தேயிலைத் தண்டு துளைக்கும் வண்டுக்கும் 17 °C இலிருந்து 18 °C இற்கு மாறும்போது ஏற்படும் நாட்குறைவை நூற்றுவீதத்தில் தந்து, எது அதிகம் பாதிக்கப்படுகிறது என்பதைக் காரணத்துடன் எழுதுக.

3. பள்ளத்து மலையில் தேயிலை உறைபனியால் கருகியபோதும் அதே தேயிலையின் தண்டினுள் இருந்த வண்டுகள் உயிருடன் இருந்தன. விளக்குக.

4. ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி உயர்நாட்டுத் தேயிலையில் நிலைகொள்ள அதன் வளர்ச்சித் தொடக்க வெப்பநிலை எவ்வாறு அமைந்திருக்க வேண்டும்? உமது விடையை இலைச்சுருட்டிப் புழுவின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு எழுதுக.